காலத்தில் விழுந்த முடிச்சுகள்

ஒருவருடைய வரலாற்றை எழுத முற்படும்போது நாம் முதலில் தேடுவது ஆண்டுகளை. பிறந்த ஆண்டு, பள்ளியில் சேர்ந்த ஆண்டு, பணியில் அமர்ந்த ஆண்டு என்று வரிசைப்படுத்திவிட்டால் வரலாற்றின் எலும்புக்கூடு எழுந்து நின்றுவிடும். ஆனால், 1911-இல் காலைச் சிற்றுண்டி அருந்தி, 1980-இல் பகலுணவு உண்டு, 1066-இல் இரவு உறங்கச் செல்லும் ஒருவருக்கு எப்படி வரலாறு எழுதுவது? அவருடைய நேற்று, உலகத்தின் நாளையாக இருக்கலாம். அவர் நாளை செய்யப்போவது, உலகத்தில் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம்.

இத்தகைய ஒருவரைக் கதைத் தலைவராகக் கொண்டது, பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். 1963-இல் தொடங்கி 1989 வரை நடந்து, 1996-இல் ஒரே ஒரு திரைப்படமாகத் தலைகாட்டி, 2005-இல் மீண்டும் உயிர்பெற்ற தொடர் இது. பல எழுத்தாளர்கள், பல தயாரிப்பாளர்கள், பல நடிகர்கள் கைமாறிய இக்கதையில் காலமுடிச்சுகள் ஏராளமாக விழுந்தன. அவற்றை அவிழ்க்க முயன்றவர்கள் எதிர்கொண்ட கேள்விகள் வெறும் பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. வரலாற்றாசிரியரும் இயற்பியலாரும் தத்தம் துறையில் எதிர்கொள்ளும் கேள்விகளே அவை.

இரண்டு ஆசிரியர்களும் ஒரு நீலப் பெட்டியும்

1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் தொடரின் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பாக முதற்பகுதியை மறுபடியும் ஒளிபரப்பினார்கள். தொடரைத் திட்டமிட்டவர்களுள் முதன்மையானவர் சிட்னி நியூமன். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் இளம் பெண்மணி. முதற்கதையை இயக்கியவர் இலக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன்.

சிறுவர்களுக்குக் கதையோடு கல்வியும் தரவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆகவேதான் டாக்டரோடு பயணம் செய்வோரில் இருவரைப் பள்ளி ஆசிரியர்களாக அமைத்தார்கள். இயன் செஸ்டர்ட்டன் அறிவியல் ஆசிரியர். பார்பரா ரைட் வரலாற்று ஆசிரியை. அவர்கள் ஏறிச்செல்லும் கால ஊர்தியின் பெயர் 'டார்டிஸ்'. வெளியே பார்த்தால் போலீசாரின் தொலைபேசிப் பெட்டி. உள்ளேயோ பெரிய மண்டபம்.

வரலாற்றைக் கற்பிப்பதே நோக்கமென்றால் அதை மாற்ற விடலாமா? விடக்கூடாது. தொடரின் முதல் விதி இவ்வாறுதான் பிறந்தது. 1964-இல் ஜான் லுகரோட்டி எழுதிய 'தி ஆஸ்டெக்ஸ்' என்னும் கதையில் இவ்விதி தெளிவாக வெளிப்படுகிறது. மெக்சிகோவில் வாழ்ந்த ஆஸ்டெக் மக்கள் பார்பராவைத் தெய்வப் பிறவி என்று நம்புகிறார்கள். நரபலியை நிறுத்திவிட்டால், பிற்காலத்தில் கோர்ட்டெஸின் படையினர் இம்மக்களின் நாகரிகத்தை அழிக்காமல் விட்டுவிடுவர் என்று அவர் எண்ணுகிறார். டாக்டர் கடுமையாகத் தடுக்கிறார். வரலாற்றில் ஒரு வரியையும் மாற்ற முடியாது என்கிறார். பார்பரா முயல்கிறார், தோற்கிறார். 1519-இல் கோர்ட்டெஸ் வந்ததும், 1521-இல் தலைநகர் வீழ்ந்ததும் நம் பாடநூல்களில் அப்படியே இருக்கின்றன.

விதி தளர்கிறது

ஓராண்டு கழிந்தது. 1965-இல் டென்னிஸ் ஸ்பூனர் எழுதிய 'தி டைம் மெட்லர்' என்னும் கதையில், டாக்டரைப் போலவே கால ஊர்தி வைத்திருக்கும் துறவி வேடதாரி ஒருவர் வருகிறார். இடம் இங்கிலாந்தின் வடகடற்கரை, ஆண்டு 1066. அந்த ஆண்டில் நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா வடக்கே படையெடுத்து வந்தார். இங்கிலாந்து மன்னர் ஹரால்ட் அவரை ஸ்டாம்போர்ட் பிரிட்ஜ் என்னுமிடத்தில் வென்றார். ஆனால், களைத்த படையோடு தெற்கே விரைந்தவர், அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டி வில்லியமிடம் தோற்று உயிரிழந்தார். நார்வேக் கப்பற்படையைக் கடலிலேயே அழித்துவிட்டால் ஹரால்டின் படை களைக்காது. ஹேஸ்டிங்ஸில் வெற்றி அவருக்கே. இதுதான் துறவியின் திட்டம்.

திட்டத்தை டாக்டர் முறியடித்துவிடுகிறார். ஆனால், விதி ஏற்கெனவே முறிந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வரலாற்றை மாற்றவே முடியாது என்றால் துறவியைத் தடுக்க வேண்டிய தேவையே இல்லை. 'முடியாது' என்பது 'கூடாது' என்று ஆகிவிட்டது. இயற்கை விதி சட்ட விதியாகிவிட்டது. இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. கல்லை மேலே எறிந்தால் கீழே விழும் என்பது முதல் வகை. சாலையில் இடப்பக்கம் செல்லவேண்டும் என்பது இரண்டாம் வகை.

துறவியின் இன்னொரு தந்திரமும் சுவையானது. 1968-இல் இலண்டன் வங்கி ஒன்றில் 200 பவுன் போட்டுவிட்டு, இருநூறு ஆண்டு முன்னே தாவிச் சென்று கூட்டுவட்டியோடு பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இருநூறு ஆண்டுகளில் முதல் ஏறத்தாழ 17,292 மடங்காகிறது. 200 பவுன், ஏறக்குறைய 34½ இலட்சம் பவுனாகிவிடும்!

வட்டமிடும் காரணமும் விளைவும்

1972-ஆம் ஆண்டின் முதல் நாளன்று 'டே ஆஃப் தி டாலெக்ஸ்' என்னும் கதை தொடங்கியது. இருபத்திரண்டாம் நூற்றாண்டில் உலகம் டாலெக்குகள் என்னும் கொடிய உயிரிகளுக்கு அடிமைப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம், இருபதாம் நூற்றாண்டில் ஓர் அமைதி மாநாட்டைத் தூதர் ஒருவர் குண்டு வைத்துத் தகர்த்ததே என்று நம்பும் போராளிகள், அவரைக் கொல்லக் காலத்தில் பின்னோக்கி வருகிறார்கள். உண்மையில் அந்தக் குண்டை வெடித்தவரே இப்போராளிகளுள் ஒருவர்தான். அடிமைத்தனத்தை ஒழிக்க வந்த செயலே அடிமைத்தனத்தைப் பிறப்பிக்கிறது. கோழியிலிருந்து முட்டை, முட்டையிலிருந்து கோழி என்பதுபோல, காரணமும் விளைவும் ஒன்றையொன்று பெற்றெடுக்கின்றன.

இதுவரை தருக்கம் பழுதின்றி நிற்கிறது. ஆனால், கதையின் முடிவில் மாநாட்டினர் காப்பாற்றப்படுகிறார்கள், வட்டம் உடைகிறது. அப்படியானால் அடிமைத்தனம் வராது. வராவிட்டால் போராளிகள் புறப்பட்டிருக்க மாட்டார்கள். புறப்படாவிட்டால் மாநாட்டினரைக் காப்பாற்றத் தேவையே எழுந்திராது. 'தாத்தா முரண்' என்று அறியப்படும் சிக்கல் இதுவே. ஒருவன் பின்னோக்கிச் சென்று, தன் தந்தை பிறக்கும் முன்பே தாத்தாவைக் கொன்றுவிட்டால், கொன்றவன் யார்?

மூன்று ஆண்டு கழித்து, 1975-இல், டெர்ரி நேஷன் எழுதிய 'ஜெனிசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' என்னும் கதையில் டாலெக்குகள் தோன்றாமலே தடுக்க டாக்டர் அனுப்பப்படுகிறார். இரண்டு மின்கம்பிகளைத் தொடவைத்தால் போதும். அந்த இனமே முளையில் கருகிவிடும். அவர் தயங்குகிறார். ஓர் இனத்தையே அழிக்கும் உரிமை தனக்கு உண்டா என்று கேட்டுக்கொள்கிறார். முடிவில் டாலெக்குகளின் வளர்ச்சி ஓராயிரம் ஆண்டு தள்ளிப்போகிறதே தவிர, நின்றுவிடவில்லை.

இங்கே புதிய முடிச்சும் விழுந்தது. இதே டெர்ரி நேஷன் 1963-இல் எழுதிய முதல் டாலெக் கதையில், அவற்றின் முன்னோர் 'டால்' என்னும் சிந்தனையாளர் இனத்தவர். 1975-ஆம் ஆண்டுக் கதையிலோ முன்னோர் 'கேலெட்' என்னும் போர்வெறி பிடித்த இனத்தவர். எது உண்மை? டாக்டர் குறுக்கிட்டதால் வரலாறு மாறிவிட்டது என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. இச்சமாதானத்தின் தரத்தைச் சற்றுப் பின்னர் எடைபோடுவோம்.

முடிச்சுகள் விழுந்த காரணம்

ஒரே எழுத்தாளர் பன்னிரண்டு ஆண்டுக்குள் தம் கதையையே மாற்றிச் சொல்வானேன்? அட்லாண்டிஸ் என்னும் கற்பனைத் தீவின் அழிவுக்கு 1967, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் மூன்று கதைகள் மூன்று விதமாகக் காரணம் சொல்வானேன்? எழுத்தாளர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுதல் எளிது. உண்மைக் காரணம் வேறு.

அக்காலத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சி, மேடை நாடகம் போன்றது. ஒருமுறை பார்ப்பதோடு சரி. மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் எல்லை வகுத்திருந்தன. வீட்டில் படம் பதியும் கருவி பரவியிருக்கவில்லை. ஒளிப்பதிவு நாடா விலை உயர்ந்த பொருள். பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவது சிக்கனமாகக் கருதப்பட்டது. வெளிநாட்டு விற்பனைக்கென எடுத்த 16 மில்லிமீட்டர் படச்சுருள்களும், விற்பனை உரிமை முடிந்ததும் குப்பைக்குப் போயின. அழிப்பு வேலை 1978-இல் நின்றது. அதற்குள் 1960-களில் வெளியான பகுதிகளுள் மிகப் பல போய்விட்டன. தேடித் தேடி மீட்ட பிறகும் நூறை நெருங்கிய பகுதிகள் கிடைக்காமலே இருந்தன.

1966 அக்டோபர் 29-ஆம் நாள், முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உருமாறி, பாட்ரிக் டிரௌட்டனாக எழுந்தார். நடிகரை மாற்றியும் கதையைத் தொடர வழிவகுத்த பகுதி அது. அதுவும் அழிந்தவற்றுள் ஒன்றே. உருமாறும் காட்சி மட்டும் வேறொரு நிகழ்ச்சியில் எடுத்தாளப்பட்டதால் பிழைத்தது.

முன் கதையைப் பார்க்க இயலாத எழுத்தாளர் அதனோடு ஒத்துப்போவது எப்படி? சான்று அழிந்த இடத்தில் முரண் முளைக்கிறது. இது கற்பனைக் கதைக்கு மட்டும் உரிய உண்மை அன்று.

ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம்

தொடரில் மிகப் புகழ்பெற்ற முடிச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'யூனிட்' என்னும் பன்னாட்டுப் படைப்பிரிவின் தலைவர் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட். அவர் தோன்றும் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன? சான்றுகளை வரிசையாக வைப்போம்.

ஒன்று: திபெத்தில் நடக்கும் எட்டி என்னும் பனிமனிதர் கதையின் ஆண்டு 1935. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் நடப்பது, 1968-இல் ஒளிபரப்பான 'தி வெப் ஆஃப் ஃபியர்'. ஆகவே, அதன் காலம் 1975 அல்லது அதற்குப் பின்.

இரண்டு: அதே 1968-இன் இறுதியில் வந்த 'தி இன்வேஷன்' கதையில், முன் நிகழ்ச்சி நடந்து நான்கு ஆண்டு ஆகியிருக்கும் என்கிறார் பிரிகேடியர். 1975-உடன் 4-ஐக் கூட்டினால் 1979. யூனிட் படை முதன்முதலில் தோன்றுவது இக்கதையில்தான்.

மூன்று: 1975-இல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில், டாக்டரின் தோழியும் யூனிட் காலத்தவருமான சாரா, தாம் 1980-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்கிறார்.

நான்கு: 1983-இல் வந்த 'மாட்ரின் அன்டெட்' கதையில், பிரிகேடியர் 1976-இலேயே ஓய்வுபெற்று, 1977-இல் பள்ளி ஆசிரியராக இருக்கிறார். பிரிட்டிஷ் அரசியின் வெள்ளிவிழா ஆண்டு என்ற அடையாளமும் கதையில் இருப்பதால் 1977 என்பதில் ஐயமில்லை.

கணக்கைப் பாருங்கள்! 1979-இல் புதிய படைக்குத் தலைமை தாங்குபவர் 1976-இல் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதை அவிழ்க்க மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, சான்றுகளின் தரத்தை எடைபோடுவது. முதற்சான்று முதியவர் ஒருவரின் நினைவைச் சார்ந்தது. 'நாற்பது ஆண்டு' என்பது தோராயமான பேச்சாக இருக்கலாம். நான்காம் சான்று வெளியுலக நிகழ்ச்சியோடு பிணைந்தது, எனவே வலுவானது. ஆனால், சாரா தம் காலத்தைத் தாமே சொல்வதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இரண்டாம் வழி, முரண் பிறந்த இடத்தைக் கதைக்கு வெளியே தேடுவது. 1983-ஆம் ஆண்டுக் கதையில் பள்ளி ஆசிரியராக வரவேண்டியவர் பழைய அறிவியல் ஆசிரியர் இயன் செஸ்டர்ட்டன்தான். அந்நடிகர் கிடைக்காமற் போகவே, அந்த இடத்தில் பிரிகேடியரை வைத்தார்கள். ஆண்டுச் சிக்கல் அவரோடு ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் வழி, காலப் பயணத்தால் வரலாறே மாறிவிட்டது என்று கூறுவது. இதில்தான் எச்சரிக்கை தேவை. இந்த விளக்கம் எந்த முரணுக்கும் பொருந்தும். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி எந்தப் பூட்டைப் பற்றியும் நமக்கு எதுவும் சொல்வதில்லை. எத்தகைய சான்று வந்தாலும் பொய்யாகாத விளக்கத்தை அறிவியல் ஏற்பதில்லை. வரலாற்று ஆய்வும் அப்படித்தான்.

லான்ஸ் பார்க்கின் என்னும் எழுத்தாளர் 1996-இல் இத்தொடரின் நிகழ்ச்சிகளையெல்லாம் ஆண்டு வரிசைப்படுத்தித் தனி நூலே எழுதினார். 2008-இல் ஒளிபரப்பான கதை ஒன்றில் டாக்டரே, யூனிட்டில் பணிசெய்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தடுமாறுவதாக எழுதிவிட்டார்கள். முடிச்சு அவிழவில்லை, நகைச்சுவையாகிவிட்டது.

இரண்டு கடிகாரங்கள்

சில முடிச்சுகளை உண்மையிலேயே அவிழ்க்கலாம். அதற்குத் தேவையான கருவி இயற்பியலிலிருந்து கிடைக்கிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டியபடி, எல்லார்க்கும் பொதுவான ஒரே கடிகாரம் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடிகாரத்தைச் சுமந்து செல்கிறோம். 1971-இல் ஹாஃபெல், கீட்டிங் என்னும் இருவர் அணுக் கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினர். தரையிலிருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது, கிழக்கே சென்றவை 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன. மேற்கே சென்றவை 273 நானோ நொடி முந்தியிருந்தன. நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆகவே, காலப் பயணியின் கதையை வரிசைப்படுத்த ஒரு தாளில் இரண்டு அச்சுகள் வரையுங்கள். ஓர் அச்சில் உலக ஆண்டு; மற்றதில் அவர் கைக்கடிகாரம் காட்டும் நேரம். 2008-இல் அறிமுகமான ரிவர் சாங் என்னும் பெண்மணியின் கதை இதற்கு நல்ல பயிற்சி. டாக்டர் அவரை முதன்முறையாகச் சந்திக்கும் கதையிலேயே அவர் உயிர்துறக்கிறார். டாக்டரின் முதற்சந்திப்பு அவருக்கு முடிவு. சந்திக்கும்போதெல்லாம் இருவரும் தத்தம் நாட்குறிப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. பார்ப்பவர்க்குத் தலைசுற்றும், ஆனால், தாளில் வரைந்தால் முரணே இல்லை. ஒவ்வொருவர் கோடும் அறுபடாமல் செல்கிறது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரிசைதான் வேறு. சிக்கல் என்பது வேறு, முரண் என்பது வேறு. சிக்கலை வரிசைப்படுத்தினால் தீரும், முரண் தீராது.

இயற்பியல் என்ன சொல்கிறது?

கடந்த காலத்திற்குத் திரும்பும் பாதைகளை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் முற்றிலும் விலக்கவில்லை என்று 1949-இல் கணித அறிஞர் கேடல் காட்டினார். அண்டம் முழுதும் சுழன்றால் அத்தகைய பாதைகள் அமையும். நம் அண்டம் அவ்வாறு சுழல்வதாகச் சான்று இல்லை. பின்னர் 1988-இல் கிப் தார்னும் அவர் மாணவர்களும் வெளியின் இரு இடங்களை இணைக்கும் 'புழுத்துளை'களைக் கொண்டு இக்கேள்வியை மீண்டும் ஆராய்ந்தனர்.

தாத்தா முரணுக்கு மூன்று விடைகள் முன்வைக்கப்பட்டன. முதலாவது, ரஷ்ய அறிஞர் நோவிக்கோவின் முரணின்மைக் கொள்கை: தனக்குத்தானே முரண்படாத நிகழ்ச்சிகள் மட்டுமே நடக்கும். பந்து ஒன்று புழுத்துளை வழியே சற்று முன்னைய காலத்திற்கு வந்து, உள்ளே நுழையவிருந்த தன்னையே மோதி விலக்கினால் என்னாகும் என்று கேட்டார்கள். கணக்கிட்டபோது, மோதல் இலேசான உரசலாக அமைந்து, அந்த உரசலே பந்தைத் துளைக்குள் செலுத்தும் தீர்வுகள் இருப்பது தெரிந்தது. 1964-ஆம் ஆண்டு டாக்டரின் விதியும் இதுவும் ஒரே இனம். இரண்டாவது, எவரெட் 1957-இல் வெளியிட்ட பல்லுலகக் கொள்கையைத் தழுவியது: பின்னோக்கிச் செல்பவர் வேறோர் உலகக் கிளைக்குப் போய்விடுகிறார், அங்கே எதை மாற்றினாலும் புறப்பட்ட உலகம் மாறாது. மூன்றாவது, 1992-இல் ஹாக்கிங் வெளியிட்ட கருத்து: இத்தகைய பாதைகள் உருவாவதையே இயற்கை தடுத்துவிடும். அவர் 2009 ஜூன் 28 அன்று காலப் பயணிகளுக்கு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்தபின் அனுப்பினார். விருந்துக்கு ஒருவரும் வரவில்லை.

2005-க்குப் பின் வந்த கதைகளில் வேறோர் உத்தி நிலைபெற்றது. சில நிகழ்ச்சிகள் மாற்றவொண்ணா 'நிலைத்த புள்ளிகள்', மற்றவை நெகிழ்வன. 2008-ஆம் ஆண்டுக் கதையில், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை பாம்பேய் நகரைப் புதைத்தது நிலைத்த புள்ளி. டாக்டரால் காப்பாற்ற முடிவது ஒரே ஒரு குடும்பத்தைத்தான். எழுத்தாளருக்கு வசதியான ஏற்பாடு இது. ஆனால், எது நிலைத்தது, எது நெகிழ்வது என்று முன்கூட்டியே கூறும் விதி எதுவும் இல்லாததால், இது பெயரே தவிர விளக்கம் ஆகாது.

திரும்பிவந்த படச்சுருள்கள்

யூனிட் முடிச்சில் நாம் முதற்சான்றாக வைத்த 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையின் ஆறு பகுதிகளில், நெடுங்காலம் முதற்பகுதி மட்டுமே படமாகக் கிடைத்தது. நைஜீரியாவில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பது படச்சுருள்கள் 2013-இல் வெளிவந்தன. இக்கதையின் மூன்றாம் பகுதி நீங்கலாக எஞ்சியவை அவற்றுள் இருந்தன.

இன்னொரு செய்தி இதனினும் வியப்புக்குரியது. படம் அழிந்த பகுதிகள் அனைத்திற்கும் ஒலி எஞ்சியிருக்கிறது. அறுபதுகளில் தம் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்ட நேயர்கள் காத்துத் தந்தது அது. நிறுவனம் குப்பை என்று கருதியதைச் சிலர் செல்வமென்று போற்றினர்.

கால ஊர்தி நம்மிடம் இல்லை. அழிந்ததை அது அழியும் முன்பே போய் எடுத்துவர இயலாது. நமக்கு வாய்த்த காலப் பயணம், முன்னோர் விட்டுச்சென்ற சான்று வழியே செல்வதுதான். கல்வெட்டு, ஓலை, படச்சுருள், ஒலிநாடா எதுவாயினும், அழித்துவிட்டால் அந்தப் பாதை அடைபடும். முரண்பட்ட சான்றாயினும் அதைக் காப்பதே முறை. இன்று முரணாகத் தோன்றுவது நாளை கிடைக்கும் இன்னொரு சான்றால் தெளிவடையலாம்; இல்லாத சான்றைத் தெளிவாக்க எந்த அறிவியலாலும் ஆகாது.